மூணாவது கூறு

ஒற்றை ஆளுக்கு ஆட்டுக்கறி வாங்கலாம். கோழி வாங்க முடியாது. கறிக்கடைக்காரன் அஞ்சு பலம் கேட்டால் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டாவது நிறுத்துப் போடுவான். கோழி உயிரோடும் இறகோடும் முழுசாகத்தான் வரும். அறுத்தால் அன்றைக்கே ஆக்கித் தின்றாக வேண்டும். ஒண்டிக்கட்டை ஒருத்தன் முழுக்கோழியை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? அதனால்தான் காந்தி மார்க்கெட் கைவண்டிக்காரர்கள் கூறு போட்டுக் கோழி வாங்கினார்கள்.

ஜெகபர் சாதிக் வண்டிக்கு மூன்று ஆள். முன்னால் இழுப்பவர் ஜெகபர். குடும்பம் அறந்தாங்கியில், ஆள் திருச்சியில். பின்னால் தள்ளுகிறவர்கள் விக்டரும் ஆண்டியும். விக்டருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பாலக்கரையில் இட்லிக்கடை அற்புதம்மாள் வீட்டுத் தாழ்வாரத்தில் படுத்துக்கொள்வான். ஆண்டி மட்டும்தான் வீட்டுக்காரன். வரகனேரியில் ஓட்டு வரிசையில் ஓர் அறை, அதில் அவனும் பெண்சாதி வள்ளிக்கண்ணும். பிள்ளை இல்லை. மருங்காபுரிப் பக்கத்துப் புன்செய்யை வானம் கைவிட்ட ஒரு வருஷத்தில் இரண்டு பேருமாகப் பானை சட்டியோடு கிளம்பி வந்தவர்கள், அப்படியே தங்கிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை லோடு இறங்கி முடிய மணி ஒன்பதாகும். கோழிக்கூடைகளுக்கு நடுவே குந்தி, ஜெகபர் ஒவ்வொன்றாகத் தூக்கி நெஞ்செலும்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்து ஒன்றை எடுப்பார். பிஸ்மி சொல்லி அறுப்பதும் அவர்தான். அற்புதம்மாள் கடை வெந்நீரில் முக்கி இறகு பிடுங்குவது விக்டர். வைக்கோல் கொளுத்தி வாட்டி, மஞ்சள் பூசித் துண்டு போடுவது ஆண்டி. மூன்று தேக்கிலையில் மூன்று கூறு. கோழிக்குக் கால் இரண்டுதானே, சண்டை வராமல் இருக்க விக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வான். ஜெகபர் ஒரு கூறின் மேல் விரல் வைத்து, இது யாருக்கு என்பார். விக்டர் பார்க்காமலே ஒரு பெயர் சொல்வான். சொன்னது சொன்னதுதான். கால் கிடைக்காதவனுக்கு ஈரலும் கழுத்தும்.

மற்ற இரண்டு பேருக்கும் ஒரு கூறு ஓர் ஆள் சாப்பாடு. ஆண்டி வீட்டில் அதையே இரண்டு பேர் தின்ன வேண்டும். வள்ளிக்கண்ணு இரண்டு உருளைக்கிழங்கை நறுக்கிப் போடுவாள். சின்ன வெங்காயமும் பூண்டும் தாராளமாக உரிப்பாள். ஏழு வரமிளகாய், ஒரு கை மல்லி, மிளகு, சீரகம், ஒரு கீற்றுத் தேங்காய், எல்லாவற்றையும் வறுத்து அம்மியில் மைய அரைப்பாள். மிளகாயை எப்போதும் எண்ணித்தான் எடுப்பாள். எட்டுப் போட்டால் உனக்கு விக்கும், ஆறு போட்டால் எனக்கு உறைக்காது, அதனால ஏழு என்பாள். சட்டியில் கறித்துண்டு எங்கே இருக்கிறது, கிழங்கு எங்கே இருக்கிறது என்று கரண்டி விட்டுத் தேட வேண்டும். ஆனாலும் அந்தக் குழம்பு திங்கட்கிழமை பழைய சோற்றுக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசி அடைமழையில் வள்ளிக்கண்ணுவுக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள், வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் போய்விட்டாள்.

ஆண்டி துவரங்குறிச்சி பஸ் டிரைவரிடம் சொல்லியனுப்பினான். மருங்காபுரிப் பக்கம் அவளுடைய அண்ணன் வெள்ளைச்சாமி இருக்கிறான். கூடப் பிறந்தது அவன் ஒருவன்தான். பிறந்த வீட்டுக் கோடித் துணி அவன் கையால் விழ வேண்டும், அவன் முகம் பார்த்த பிறகுதான் எடுக்க வேண்டும். பஸ் போய்ச் சேர்ந்து, அவன் கிளம்பி வர மறுநாள் காலை ஆகிவிடும். மறுநாள் சனிக்கிழமை.

சனிப்பிணம் தனிப் போகாது, துணை தேடும் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதற்கு மாற்றும் எல்லாருக்கும் தெரியும். பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்பிவிட்டால் அதையே துணையாக வைத்துக்கொண்டு போய்விடும். பெரிய காரியமில்லை. ஆனால் ஆண்டி காத்திருக்கவில்லை. வெள்ளி பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். மழை ஒரு நாழிகை விட்டது. ஓயாமாரிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்க் கொள்ளி வைத்துவிட்டான்.

சனிக்கிழமை காலை வெள்ளைச்சாமி கோடிச் சேலையோடு வந்து இறங்கியபோது அறை கழுவி விட்டிருந்தது. அவன் சத்தம் போடவில்லை. மடித்த சேலையை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தான். பிறகு அடுத்த பஸ்ஸில் போய்விட்டான்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு வந்தான். கையில் ஒரு சிவப்புச் சேவல் இருந்தது. அவர்கள் பக்கத்து வழக்கம் அது. சாவு விழுந்த வீட்டுக்காரன் கவுச்சியை வாயில் வைக்க மாட்டான். கருமாதி முடிந்த மறுநாள் பெண் கொடுத்த வீட்டு மச்சான் தன் கையால் கோழிக் குழம்பு வைத்து, தன் கையால் சோறு போட்டு, சாப்பிடுங்க மாப்ள என்று சொல்ல வேண்டும். அதற்குப் பேர் கறிச்சோறு. அதைத் தின்றால்தான் துக்கம் கழியும். தனக்குத் தானே ஆக்கிக்கொள்ளக் கூடாது, வேறு யாரும் போடவும் கூடாது.

மறுநாள் விடிந்தது. ஆண்டி எண்ணெய் வைத்துத் தலைமுழுகிவிட்டு வந்து உட்கார்ந்தான். சேவல் கதவுக்காலில் கட்டிக் கிடந்தது. வெள்ளைச்சாமி எழுந்து போய்ச் சேவலின் கட்டை அவிழ்த்தான். அவிழ்த்தவன் அடுப்புப் பக்கம் போகவில்லை.

"ஒரு கோழிக்குஞ்சு கட்டுறதுக்கு மனசு வராம எந்தங்கச்சி மூஞ்சிய எனக்குக் காட்டாமப் பண்ணுன ஆளு நீ. கட்டுறதுக்குக் கோழி இல்ல, திங்கிறதுக்கு மட்டும் கோழி வேணுமாக்கும்?"

சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். தெருமுனை திரும்புகிற வரைக்கும் அது கத்திக்கொண்டே போனதை வரிசை முழுக்கக் கேட்டது.

கார்த்திகை போயிற்று, மார்கழி வந்தது. ஆண்டி வேலைக்குப் போனான், வந்தான். காலையில் பழையது, ராத்திரிக்கு ஒரு சோறு, ஒரு புளிக்குழம்பு. ஒரு ஆளுக்கு அரிசி போட அவன் கைக்குத் தெரியவில்லை. பழைய அளவை நினைத்துப் போட்டால் பானை நிறைந்தது, குறைத்துப் போட்டால் அடிப்பிடித்தது. வீட்டில் பேச்சு இல்லாததால் அடுப்பு எரிகிற சத்தம் இவ்வளவு பெரிசா என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கூறு நின்றுவிடவில்லை. மூன்று பேர் சேர்ந்தால்தான் கோழி கட்டுப்படியாகும், அதனால் அந்தக் கூறை அற்புதம்மாள் எடுத்துக்கொண்டாள். ஆனால் விக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கும்போது, மூன்றாவது பெயராக இன்னமும் ஆண்டி என்றுதான் சொன்னான். அற்புதம்மாள் என்று மாற்றிச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஆண்டி வழக்கம்போலத் துண்டு போட்டுக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவான். கோழி மேல் பூசிய மஞ்சள் அவன் நகக்கண்ணில் புதன்கிழமை வரைக்கும் இருக்கும்.

ஒருநாள் ஜெகபர், தானே ஆக்கிப் போடுவதாகச் சொன்னார். இருபது வருஷமாக நானும் உன்னை மச்சான்னுதானே கூப்பிடுறேன், நான் போட்டா செல்லாதா என்று கேட்டார். நீ கூப்பிடுற மச்சான் வேற மச்சான் என்றான் ஆண்டி. வண்டி தள்ளுறப்ப மட்டும் ஒரே மச்சானா என்று விக்டர் பின்னாலிருந்து குத்தினான். மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் பாரம் அப்படியேதான் இருந்தது.

ஏகாதசிக்கு முன்னால் ஸ்ரீரங்கத்துக்கு லோடு அதிகம். மலைக்கோட்டையிலிருந்து துணிப்பொதி, வெல்லம், பருப்பு என்று தினமும் காவிரிப் பாலம் ஏறி இறங்கினார்கள். பாலத்து மேட்டில் தோள் கொடுத்துத் தள்ளும்போது ஆற்றுக்காற்று வேர்வையைக் குளிர வைக்கும். கரையோரம் ஓயாமாரிப் பக்கம் புகை தெரிந்தால் ஆண்டி குனிந்துகொள்வான்.

சித்திரை வீதியில் வேதாந்தம் என்று ஒரு ரிடையர் ஆன வாத்தியார். அவர் வீட்டுக்கு அரிசி மூட்டை இறக்கிவிட்டு, ஆண்டி ஒரு கார்டை நீட்டினான். மச்சானுக்கு எழுத வேண்டும் என்றான். விஷயத்தைக் கேட்டதும் வாத்தியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உள்ளே அவர் சம்சாரம் பூமா மோர் ஆற்றுகிற சத்தம் நின்றது.

"எங்காத்துல பதிமூணாம் நாள் சுபஸ்வீகாரம்னு ஒண்ணு உண்டுடா ஆண்டி. பந்துக்கள் வந்து உக்காந்து சாப்பிட்டாத்தான் துக்கம் அகத்தை விட்டுப் போகும். உனக்கு மைத்துனன் வரணும். எல்லாம் ஒண்ணுதான். ஆனா அந்த வார்த்தையை என் கையால எழுதப்படாது. போஜனம்னு போட்டுடறேன். எந்த போஜனம்னு அவனுக்குத் தெரியாதா என்ன?"

தாங்கள் எழுந்தருளி முறைப்படி போஜனம் செய்வித்து அடியேனைத் துக்க நிவர்த்தி செய்ய வேண்டியது என்று எழுதிப் படித்துக் காட்டினார். அது தன் வாயிலிருந்து வந்தது மாதிரியே ஆண்டிக்கு இல்லை. இருந்தாலும் தபால் பெட்டியில் போட்டான். தை முடிந்தும் பதில் இல்லை.

மாசியில் புளி வரத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் மண்டி வாசலில் லாரி நின்றது. ஆண்டி முதுகு கொடுத்தான், லாரிமேல் நின்ற ஆள் மூட்டையை ஏற்றினான். நாலாவது மூட்டையை இறக்கி வைக்கும்போது அதன் வாய்க்கட்டைப் பார்த்தான். சணலால் தைக்காமல், பழஞ்சேலைக் கிழிசலால் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை உள்ளே செருகிய முடிச்சு. வீட்டில் வள்ளிக்கண்ணு அரிசிப்பையைக் கட்டிவைத்த முடிச்சு. அவன் அந்த அரிசிப்பையை அவிழ்க்கும்போதெல்லாம் நகம் உடையும்.

நிமிர்ந்து பார்த்தான். லாரி மறைவில் வெள்ளைச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் ஊர்ப் புளி மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான். முன்னைக்கு இளைத்திருந்தான்.

வாங்க மச்சான் என்றான் ஆண்டி. ம் என்றான் வெள்ளைச்சாமி. அவ்வளவுதான். மீதி இருபத்தெட்டு மூட்டையும் அவன் எண்ண, இவன் சுமந்தான்.

லோடு முடிந்து ஜெகபர் கோழி எடுத்தார். அறுத்தார். விக்டர் பிடுங்கினான். ஆண்டி துண்டு போட்டான். மண்டிச் சீட்டுக்காகக் காத்திருந்த வெள்ளைச்சாமி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். விக்டர் சுவர்ப்பக்கம் திரும்பினான். ஜெகபர் மூன்றாவது இலையில் விரல் வைத்தார்.

"இது யாருக்கு?"

"ஆண்டிக்கு."

அற்புதம்மாள் கிண்ணத்தோடு வந்தாள். ஜெகபர் அவளைக் கண்ணால் நிறுத்திவிட்டு, தேக்கிலையை மடித்து எடுத்துக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போனார். வெள்ளைச்சாமி என்ன ஏது என்று யோசிப்பதற்குள் அது அவன் இரண்டு கையிலும் இருந்தது.

"இது உங்க மாப்ள கூறுங்க. நாலு மாசமா அவன் பேரைச் சொல்லித்தான் போடுறோம். அவன் கையில குடுத்தா வாங்க மாட்டான். உங்க கையில குடுத்துட்டேன். என்ன செய்யணுமோ செய்ங்க."

வெள்ளைச்சாமி இலையைப் பார்த்தான். அடியில் ரத்தம் கசிந்து மணிக்கட்டில் இறங்கியது. கீழே வைக்கலாம், திருப்பிக் கொடுக்கலாம். கறியைத் தரையில் வைக்க அவன் மனசு ஒப்பவில்லையோ என்னமோ, எழுந்து நடந்தான். ஆண்டி பின்னாலேயே போனான்.

அறைக்குள் போனதும் வெள்ளைச்சாமி திகைத்து நின்றான். ஏர் பிடித்தவன், மாடு கட்டிக் கிணற்றில் கவலை இறைத்தவன். அடுப்புப் பக்கம் போனதில்லை. போன தடவை சேவல் கொண்டு வந்தபோது வரிசைப் பெண்கள் யாரையாவது கூட வைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பில் வந்திருப்பான். இப்போது கேட்க வாய் வரவில்லை. ஆண்டியும் உதவக் கூடாது. அடுப்பில் அவன் கை பட்டால் அது கறிச்சோறு ஆகாது. அவன் நிலைப்படிக்கு வெளியே குந்திக்கொண்டான். வெளியே இருந்தபடியே சொன்னான், உள்ளே இருந்தவன் செய்தான்.

விறகு எங்கே, உப்பு எந்தக் கலயத்தில், சட்டி எது. வெங்காயம் எவ்வளவு என்று கேட்டதற்கு ஒரு கை என்றான். வெள்ளைச்சாமியின் கை பெரிய கை. கிழங்கு போடணுமா என்றான். ஆண்டி, வேணாம், ஒரு ஆளுக்குத்தானே, கறியே போதும் என்றான்.

"மொளகா?"

"ஏழு."

வெள்ளைச்சாமி எண்ணி எடுத்தான். வறுத்தான். கமறல் அறையை நிறைத்து வெளியே வந்தது. இருமிக்கொண்டே அம்மியில் உட்கார்ந்தான். குழவியை இழுக்கத் தெரியாமல் தள்ளினான்.

"தண்ணி தெளிச்சுக்கங்க மச்சான். முழங்கையால இல்ல, இடுப்பால அரைக்கணும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்ல."

குழவி கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு நின்றது. வெள்ளைச்சாமி திரும்பவில்லை. அம்மியைப் பார்த்தபடியே கேட்டான்.

"அன்னிக்கு ஒரு கோழி கெடைக்கலையா மாப்ள ஒனக்கு? இவ்வளவு பெரிய மார்க்கெட்டு. கையில ஒண்ணும் இல்லேன்னா ஒரு வார்த்தை சொல்லிவிட்டிருந்தா நான் கொண்டாந்திருப்பேன்ல. ஒரு குஞ்சு. உள்ளங்கை அகலம். அதுக்கா?"

ஆண்டி வாசலில் கிடந்த ஒரு கோழி இறகை எடுத்து அதன் தண்டை நகத்தால் கீறிக்கொண்டிருந்தான். இந்த நாலு மாசத்தில் யாரிடமும் சொல்லாதது அது. ஜெகபருக்குத் தெரியும், ஆனால் அவர் வாய் திறந்ததில்லை.

"கோழி கெடைச்சுச்சு மச்சான். பாய் அப்பவே கொண்டாந்துட்டாரு. கக்கத்துல வச்சுக்கிட்டு மழையில இதே எடத்துல நின்னாரு. ராத்திரிக்கு வச்சிருப்போம், அண்ணங்காரரு வரட்டும், காலையில இதைக் கட்டி எடுத்துக்கலாம்னாரு. நாந்தான் வேணாம்னுட்டேன்."

"ஏன்?"

"பயந்துட்டேன்."

வெள்ளைச்சாமி இப்போது திரும்பினான்.

"அவளுக்குக் கோழியப் பத்தித் தெரியாததா? எத்தனை கோழி ஆக்குனவ. ஒரு குஞ்சைக் கட்டிவிட்டு இதான் ஒனக்குத் தொணைன்னா ஏமாந்து போற பொம்பளையா அவ? இருபத்தி ரெண்டு வருசம் என்னைய விட்டு ஒரு எடம் போனவ இல்ல. தொணைக்கு என்னையத்தான் கூப்பிடுவான்னு தோணிப்போச்சு. மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கேன், ஒதடு அசையற மாதிரி இருக்கு. உசுரு மேல அம்புட்டு ஆசை எனக்கு, அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு. சனி பொறக்குறதுக்குள்ள அனுப்பிட்டேன்."

சட்டியில் எண்ணெய் காய்ந்து புகைந்தது. யாரும் பார்க்கவில்லை.

"இப்ப வான்னா போயிருவேன் மச்சான். கூப்பிட மாட்டேங்கிறா. வெள்ளிக்கிழமையில போனவதானே, யாரையும் கூப்பிட மாட்டா."

வெள்ளைச்சாமி சட்டியை இறக்கினான், மறுபடி ஏற்றினான். வெங்காயத்தைப் போட்டான். அது கரியாமல் இருக்கக் கிளறிக்கொண்டே நின்றான். வேட்டி முனையால் கண்ணைத் துடைத்தான். மிளகாய்க் கமறல்தான் அறையில் இருந்ததே, அதனால் எது எதற்கென்று சொல்ல முடியாது. கறியைப் போட்டான், மஞ்சள் தூவினான், அரைத்ததை வழித்துப் போட்டு அம்மி கழுவிய தண்ணீரையும் ஊற்றினான். உப்புக் கலயத்தை எடுத்தான்.

"உப்பு எவ்வளவு?"

"கல்லு உப்பு. மூணு விரலால அள்ளுற அளவு."

குழம்பு கொதித்து வாசம் வந்தது. வரிசையில் இரண்டு மூன்று கதவு திறந்து, ஆண்டி வாசலில் இருப்பதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. வெள்ளைச்சாமி கரண்டியில் மொண்டு ஊதி உள்ளங்கையில் விட்டு நக்கினான். உப்புப் பார்க்கத்தான் நக்கினான். ஆனால் நக்கியதும் அப்படியே நின்றுவிட்டான்.

"நானும் அன்னிலேருந்து தொடலை," என்றான். "அந்தச் சேவல் இன்னும் ஊர்ல சுத்திக்கிட்டுத் திரியுது. வாத்தியாரு எழுதுன கார்டு வந்துச்சு. போஸ்ட்மேன் சத்தமாப் படிச்சான், கடைத்தெருவே சிரிச்சுச்சு. நான் சிரிக்கல."

இலை போட்டான். சோறு வைத்தான். குழம்பை ஊற்றி, கறியையெல்லாம் பொறுக்கி இலைக்கு மாற்றினான். ஆண்டி கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். வெள்ளைச்சாமி நின்றுகொண்டே, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்.

"சாப்பிடுங்க மாப்ள."

ஆண்டி பிசைந்து வாயில் வைத்தான். ஓர் ஆள் குழம்புக்கு ஏழு மிளகாய். கிழங்கும் இல்லை, உறைப்பைத் தாங்க ஒன்றும் இல்லை. காது அடைத்தது, மூக்கில் தண்ணீர் கொட்டியது. விக்கல் எடுத்தது. உறைக்குதா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டிவிட்டு ஒரு பருக்கை விடாமல் தின்றான். நீங்களும் உட்காருங்க என்றதற்கு, ஒரு ஆளு கூறுதானே, நான் கடையில பாத்துக்கிறேன் என்றான் வெள்ளைச்சாமி. சட்டியைக் கழுவிக் கவிழ்த்தான்.

லாரி இரண்டு மணிக்குக் கிளம்பியது. மண்டி வாசலில் ஏறும்போது வெள்ளைச்சாமி, வரேன் மாப்ள என்றான். அடுத்த புளிக்கு வருவீங்கல்ல என்று ஆண்டி கேட்டான். மணப்பாறைச் சந்தையிலயே இப்ப நல்லாப் போகுதுன்னாங்க, பாப்போம் என்றான். லாரி பாலக்கரைப் பக்கம் திரும்பிய பிறகும் ஆண்டி நின்றுகொண்டிருந்தான். கறிச்சோறு பாக்கி இருந்தவரைக்கும் மச்சான் என்று ஒருத்தன் வரவேண்டியவனாக இருந்தான். இனி அவன் வந்தாக வேண்டிய காரியம் எதுவும் இந்த ஊரில் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பி ஆண்டி பெயரைச் சொன்னான். ஆண்டி இலையை வாங்கிக்கொண்டான். கால் துண்டு விழுந்திருந்தது. அற்புதம்மாள் கிண்ணத்தைக் கொண்டுவரவில்லை. மச்சான் இன்னிக்கு ராஜாடா என்றார் ஜெகபர்.

அறைக்குப் போய் அடுப்பு மூட்டினான். வெங்காயம் பத்து உரித்தான். மல்லி அரைக் கை. தேங்காய்க் கீற்றில் பாதியை ஒடித்தான். எல்லாவற்றையும் அவள் போட்டதில் பாதி, அவ்வளவுதானே, கணக்கு சுலபம் என்று இருந்தது. மிளகாய் டப்பாவைத் திறந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எடுத்து வைத்தான். நாலாவதை எடுத்துவிட்டு நிறுத்தினான். மூன்று போட்டால் சப்பென்று இருக்கும், நாலு போட்டால் விக்கும்.

நாலாவதை நடுவில் ஒடித்தான். விதை நாலைந்து அம்மியில் உதிர்ந்தது. காம்பு இருந்த பாதியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். ஒடித்த மிளகாயை அவள் டப்பாவில் திரும்பப் போட்டு அவன் பார்த்ததில்லை. வெளியே எறிய மனசு வரவில்லை. கடைசியில் டப்பாவிலேயே, தனியாகத் தெரிகிற மாதிரி, மேலாக வைத்து மூடினான்.

மூன்றரை மிளகாயை வறுத்து அரைத்தான். குழம்பு கொதித்தது. உறைப்பு சரியாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அரையை முதலில் எடுத்துக்கொண்டால் முழுசாக மூன்று எடுத்தால் போதும்.